இரும்புப் பெட்டிக்குள் கை

சரியாக நாற்பத்தோராம் நிமிடத்தில் கம்ப்யூட்டர் மறுபடி அணைந்தது. எல்டன் சால்மெலா பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தான். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த தட்டு மாதிரி சுட்டது.

வெளியே, அமெரிக்காவின் வடகோடியில், டுலூத் நகரம் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரியில் விறைத்துக் கிடந்தது. கப்பல் போகிற பெரிய ஏரியிலிருந்து நீராவி புகை புகையாக எழும்பிக்கொண்டிருந்தது. ஊரே குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, எல்டன் இருந்த பேஸ்மென்ட்டில் மட்டும் வியர்த்தது. அவனுடைய மேஜையிலிருந்து ஆறடி தூரத்தில் பாய்லர். வீடு முழுவதற்கும் வெந்நீர் அனுப்பும் அந்த இரும்புப் பூதம் மேல்மாடிக்குக் கொடுத்தது போக மிச்சச் சூட்டையெல்லாம் இவன் முதுகில்தான் கொட்டியது. குளிரட்டும் என்று ஒருநாள் பக்கக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தான். பத்து நிமிடத்தில் மேஜை மேல் பனித்துளி பூத்துவிட்டது. ஈரம் பட்டால் கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் போய்விடும் என்று பயந்து கதவைச் சாத்தினான்.

அந்த பேஸ்மென்ட்டில் அவன் குடியேறி இரண்டு வருஷமாகியிருந்தது. அவனும் மார்லிஸும் இருபத்திரண்டு வருஷம் புருஷன் பெண்டாட்டியாக இருந்துவிட்டு, ஒரு மார்ச் மாதத்தில், சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, போதும் என்று முடிவு செய்தார்கள். நடுவில் வேறு யாரும் வரவில்லை. ஒரே சண்டையைத் தினமும் வேறு வேறு வார்த்தையில் போட்டுப் போட்டு இருவருக்குமே அலுத்துவிட்டது. வீட்டை விற்றுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மலைச்சரிவில் நிற்கிற அந்த வீட்டின் அஸ்திவாரச் சுவர் ஒரு பக்கம் வயிறு தள்ளி நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, காப்பி குடிக்கக்கூட நிற்காமல் போனார்கள். விற்கிற வரைக்கும் அவள் மேலே, அவன் கீழே. படிக்கட்டின் உச்சியில் இருந்த கதவுக்கு அவள் பக்கம் ஒரு தாழ்ப்பாள். அவனுக்குப் பக்கவாட்டு வாசல். துணி துவைக்க அவள் எந்தக் கிழமை கீழே வரலாம், பனியை யார் எப்போது வாரிப் போடவேண்டும் என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது.

எல்டன் பத்தொன்பது வருஷம் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வரைபடம் போட்டவன். பட்டறையின் வரைபட அலுவலகத்தை மூடிவிட்டார்கள். இப்போது ஒரு ஹார்டுவேர் கடையில் சாவி வெட்டிக் கொடுத்து, பெயின்ட் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தான். தெற்கே அலபாமாவில், மொபீல் துறைமுகத்தில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று பழைய கூட்டாளி ஒருவன் சொன்னதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை. அவரவர் வீட்டில், அவரவர் கம்ப்யூட்டரில், கேமரா பார்த்துக்கொண்டிருக்க, மூன்று மணி நேரம் ஒரு கப்பலின் அடிப்பாகத்தை வரைந்து காட்டவேண்டும். நடுவில் கம்ப்யூட்டர் நின்றால் பரீட்சை ரத்து. அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். கப்பலைத் திரையில் போட்டுச் சுழற்றினால்தான் அவன் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வரும். நாற்பத்தொரு நிமிடத்தில் மயங்கி விழும்.

இதில் ஒரு வார்த்தைகூட மார்லிஸுக்குத் தெரியாது.

பெட்டிதான் கோளாறு என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். பட்டறை அலுவலகத்தில் வேண்டாமென்று தூக்கிப் போட்ட பழைய கேபினெட் அது. சாம்பல் படிந்த வெள்ளை நிறம், கனத்த இரும்புத் தகடு, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். உள்ளே இருந்தவற்றைப் போன வருஷம் புதிதாக மாற்றினான். பெட்டியை மாற்றவில்லை. அந்தக் காலத்துச் சரக்குக்கு அந்தப் பெட்டி போதும். இப்போதைய சரக்குக்கு அது மூச்சுவிட வழியில்லாத இடம். முகப்பு அடைத்துக் கிடந்தது. பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு சின்ன ஃபேன். நடுவில் ஒயர்களெல்லாம் பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி பந்தாகச் சுருண்டு, வருகிற கொஞ்சக் காற்றையும் மறித்துக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை காலை கடைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தான். உள்ளே இருந்த எல்லாவற்றையும் கழற்றிப் படுக்கைமேல் பரப்பினான். பழைய டிஸ்க்குகளை மாட்டும் இரும்புக் கூட்டை ரிவெட் ரிவெட்டாகத் துளைபோட்டுப் பெயர்த்து எடுத்தான். அது போனதுமே முன்பக்கம் ஒரு அறை காலியான மாதிரி இருந்தது. முகப்பில் இரண்டு வட்டம், மேலே ஒரு வட்டம் பென்சிலால் வரைந்து ஜிக்சா ரம்பத்தால் அறுத்தான். தகடு கதறிற்று. மேலே மார்லிஸ் இரண்டு தடவை தரையில் உதைத்தாள். வட்டங்களின் விளிம்பை அரம் போட்டுத் தேய்த்து, ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறிச் சுற்றிலும் மாட்டினான். முன்னால் இரண்டு பெரிய ஃபேன்கள் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கும், மேலேயும் பின்னேயுமாக இரண்டு சூட்டை வெளியே தள்ளும்.

அடுத்தது ஒயர்கள். மதர்போர்டு உட்கார்ந்திருக்கும் நடுத்தகட்டில் மூன்று நீள ஓட்டை போட்டு, ஒயர்களையெல்லாம் அதன் வழியாகத் தகட்டின் முதுகுப் பக்கம் கொண்டுபோய்விட்டால் முன்பக்கம் காற்றுக்கு வழி திறந்துவிடும். ஓட்டைகளை அறுத்து முடித்தபோது மணி ஒன்றரை. அறுத்த இடமெல்லாம் பிசிறு ரம்பப்பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அரத்தைக் கையில் எடுத்தவன், பின்னால் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று வைத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்க்கவேண்டுமே என்ற அவசரம்.

மதர்போர்டை மாட்டினான். பவர் சப்ளையை மாட்டினான். பெட்டியை நிமிர்த்தி மேஜையில் வைத்து, இரண்டு பக்கக் கதவையும் கழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து இடது கையைத் தட்டையாக்கி நடு ஓட்டைக்குள் விட்டான். எதிர்ப்பக்கம் தொங்கிய தடித்த ஒயரின் நுனி விரலில் தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தான்.

ஏதோ ஒன்று அவன் விரலைப் பிடித்து இழுத்தது.

மோதிரம். கல்யாண மோதிரத்தை அவன் கழற்றியிருக்கவில்லை. ஆசையால் அல்ல. விரல் முட்டி எப்போதோ அடிபட்டு வீங்கிப்போனதில் மோதிரம் வெளியே வர மறுத்து, அப்படியே நின்றுவிட்டது. இப்போது ஓட்டை விளிம்பிலிருந்த ஒரு பிசிறு நாக்கு மாதிரி வளைந்து மோதிரத்துக்கும் சதைக்கும் நடுவே புகுந்துகொண்டது. பின்னால் இழுத்தால் மோதிரம் அதில் கொக்கி போட்டது. முன்னால் தள்ளினால் தகடு சதையைக் கிழித்தது. இரண்டாவது தடவை இழுத்தபோது ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது.

"சரி, பதறாதே," என்று தனக்குத்தானே சொன்னான்.

போன் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் சார்ஜில் இருந்தது. பெட்டியோடு நடந்துபோகலாம் என்று வலதுகையால் அதை அணைத்துத் தூக்கினான். பெட்டி ஆடியது, விரலில் தகடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. மெதுவாகத் திரும்ப வைத்தான். மேஜைக்கு முன் முட்டிபோட்டு, பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி, ஏதோ பெட்டியைக் கும்பிடுகிறவன் மாதிரி இருந்தான்.

கைக்கு எட்டிய தூரத்தில் ஒரு ஸ்பானர் இருந்தது. தலைக்கு மேலே வெந்நீர்க் குழாய் போயிற்று. அந்தக் குழாய் வீடு முழுக்கப் போகிறது, தட்டினால் மேலே கேட்கும். ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டான். தட்டவில்லை.

மேலே லவோன் வந்திருந்தாள். மார்லிஸின் பள்ளிக்கூட சமையலறைக் கூட்டாளி. சனிக்கிழமை மத்தியானம் இருவரும் சீட்டாடுவார்கள். குழாய் போகிற துவாரம் வழியாக, சீட்டுக்குப் புள்ளி எண்ணும் லவோனின் குரல் கிணற்றில் விழுந்த சத்தம் மாதிரி இறங்கி வந்தது.

"பதினஞ்சுக்கு ரெண்டு, பதினஞ்சுக்கு நாலு, ஜோடிக்கு ஆறு. ஏய் மார்லிஸ், கீழ இருக்கறது இன்னும் உசிரோட இருக்கா?"

மார்லிஸ் என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. லவோன் சிரித்தது மட்டும் கேட்டது.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு எல்டனுக்குத் தட்ட மனம் வரவில்லை. லவோன் இதைப் பார்த்தால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் பூராவுக்கும் தெரிந்துவிடும். புதன்கிழமை ஹார்டுவேர் கடைக்கு வரும். காத்திருக்கலாம், ஒரு ஆட்டம்தானே என்று நினைத்தான். ஒரு ஆட்டம் இரண்டாயிற்று. விரல் நுனி முதலில் சிவந்து, பிறகு நீலம் பாரித்தது. பாய்லர் குபுகுபுவென்று எரிந்து அணைந்தது, எரிந்து அணைந்தது. அவன் எதிரில் வயிறு தள்ளிய அந்தச் சுவர். இரண்டு வருஷமாகத் தினமும் பார்த்த சுவர்தான். இப்போது தலையைத் திருப்பக்கூட வழியில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. இந்தத் திங்கட்கிழமை போனால் ஆறு மாதம். ஆறு மாதத்துக்குள் அங்கே ஆள் எடுத்து முடித்துவிடுவார்கள். அப்புறம் சாவி வெட்டிக்கொண்டு, அவளுடைய காலடிச் சத்தத்தை மேலே கேட்டுக்கொண்டு, இந்தச் சுவர் தன்மேல் சாய்கிற வரைக்கும் இங்கேதான். அதை நினைத்ததும் மூச்சு சின்னச் சின்னதாக வந்தது. தன்னையறியாமல் குழாயை ஒரு தடவை ஓங்கித் தட்டிவிட்டான்.

மேலே பேச்சு நின்றது. தரையில் இரண்டு உதை விழுந்தது. சீட்டாட்டம் தொடர்ந்தது.

லவோனின் கார் முக்கி முனகிக் கிளம்பிப்போன பிறகுதான் அவன் மறுபடி தட்டினான். இந்தத் தடவை நிறுத்தவில்லை. தாழ்ப்பாள் சரக்கென்று திறந்தது.

"எல்டன்! இன்னொரு தடவ அந்தக் குழாயைத் தட்டினே, பாய்லரை அணைச்சுட்டுப் போயிடுவேன்!"

"மார்லிஸ், கொஞ்சம் கீழ வா."

"இன்னிக்குக் கீழ வர்ற நாள் இல்ல எனக்கு. நீதானே பேப்பர்ல எழுதின?"

"வான்னா வாயேன். கை மாட்டிக்கிச்சு."

"எதுல?"

"கம்ப்யூட்டர்ல."

"கம்ப்யூட்டர்ல எப்படிய்யா கை மாட்டும்? அது என்ன, கதவா?"

சொல்லிக்கொண்டேதான் இறங்கி வந்தாள். கம்பளிக் காலுறை, மேலே அவனுடைய பழைய சட்டை ஒன்று, கையில் பாதி கடித்த எலுமிச்சைக் கேக். கடைசிப் படியில் நின்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு முட்டிபோட்டிருந்தவனைப் பார்த்ததும் சிரிப்பு பீறிட்டு வந்தது. கிட்டே வந்து மேஜைமேல் உறைந்திருந்த ரத்தத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"எவ்ளோ நேரமா இப்படி இருக்க?"

"ரெண்டு மணியிலேருந்து."

"மணி நாலாகப்போகுது! தொண்டையைத் திறந்து கூப்பிட்டா என்ன?"

"லவோன் இருந்தா."

"இருந்தா? உன் வெரலு போனா அவ வெரலைக் குடுப்பாளா?" கேக்கை அவன் வாயில் திணித்துவிட்டு, மேஜை விளக்கைத் திருப்பி ஓட்டைக்குள் பார்த்தாள். "அடப்பாவி. மோதிரமா?"

"கட்டரை எடுத்து வெட்டிடு."

"எங்க வெட்டறது? கட்டர் போற எடத்துலதான் தகடு போயிருக்கே. ரம்பம் வச்சா அதிர்வுல வெரலு சேர்ந்து வந்துடும்." விரலைத் தொட்டுப் பார்த்தாள். "இதுல உணர்ச்சி இருக்கா?"

"இருக்கு. வேணாங்கற அளவுக்கு இருக்கு."

"ஆடாம இரு."

அவள் மேலே ஓடினாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், இன்னொரு கையில் எல்டனுக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் கறுப்புத் தோல்பை. பள்ளிக்கூட சமையலறைக்குப் போகும் முன் இருபத்து மூன்று வருஷம் மார்லிஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஆயிரக்கணக்கான ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, மெழுகு தடவிய நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டே போவது அவள் தினசரி வேலை. பையிலிருந்து அந்த நூலுருண்டையை எடுத்தாள்.

"அங்க ஒருத்திக்கு இப்படி ஆச்சு. கர்ப்பமா இருந்தா, வெரலு வீங்கிப்போச்சு. எங்க மேஸ்திரி இப்படித்தான் எடுத்தா. வலிக்கும்."

நூலின் ஒரு முனையை ஊக்கால் மோதிரத்துக்கு அடியில் செலுத்தி இழுத்து வைத்துக்கொண்டாள். மறுமுனையை மோதிரத்தை ஒட்டி விரலில் இறுக்கமாகச் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் ஒரு சுற்று, இடைவெளி விடாமல், வீங்கிய முட்டியை அமுக்கி அமுக்கி மேலே ஏறியது நூல். எல்டன் பல்லைக் கடித்தான். பாய்லர் சூட்டில் இருவர் முகத்திலும் வியர்வை வழிந்தது.

"பேசிக்கிட்டே இரு," என்றாள். "எதுக்கு இந்தப் பெட்டியை இப்படி வெட்டிப் போட்டிருக்க?"

"சூடாகுது."

"ரெண்டு வருஷமாத்தான் சூடாகுது. இன்னிக்கு என்ன வந்துச்சு?"

அவள் நூலை இன்னும் இறுக்கினாள்.

"ஆ! சொல்றேன், சொல்றேன். திங்கக்கிழமை ஒரு பரீட்சை. மூணு மணி நேரம் ஓடணும் இது."

"என்ன பரீட்சை?"

"கப்பல் வேலைக்கு. மொபீல்ல."

"அது எங்க இருக்கு?"

"அலபாமா."

அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு கடைசிச் சுற்றைச் சுற்றி முடித்து, முனையை அவன் வலது கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்கச் சொன்னாள். சோப்பை ஊற்றினாள்.

"அலபாமாவா," என்றாள். "அங்க பனியே விழாதே."

"விழாதுங்கறாங்க."

"இப்ப வலிக்கும்."

மோதிரத்துக்கு அடியிலிருந்த முனையைப் பிடித்து விரல்நுனிப் பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். ஒவ்வொரு சுற்று பிரியும்போதும் மோதிரம் ஒரு நூலளவு முன்னேறியது. தகட்டின் நாக்கை விட்டு விலகியது. முட்டியில் வந்து முரண்டு பிடித்தது. எல்டன் இதுவரை அவள் முன்னால் சொல்லியிராத ஒரு வார்த்தையைச் சொன்னான். மோதிரம் முட்டியைத் தாண்டி நழுவி, பெட்டிக்குள்ளே டிங்கென்று விழுந்தது. அவள் குறடை விட்டுப் பிசிறை மடக்கி அமுக்கினாள். "இப்ப இழு," என்றாள். கை வெளியே வந்தது.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் விரலைக் கழுவி, மருந்து போட்டு, துணி சுற்றினாள். சுற்றி முடித்த பிறகுதான் கோபம் வந்தது.

"மேல சாப்பாட்டு ரூம் குளுகுளுன்னு இருக்கு. இதைத் தூக்கிட்டு வந்து அங்க வச்சிருந்தா முடிஞ்சுது. கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"கேட்டா எதுக்குன்னு கேப்ப."

"கேப்பேன். கேட்டா என்ன?"

"வேலை கிடைக்கலேன்னா? ரெண்டு வருஷமா கீழ கிடக்கறவன் இதுலயும் தோத்தான்னு உனக்குத் தெரியணுமா?"

அவள் எழுந்து, பெட்டிக்குள் கையை விட்டு மோதிரத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். எடுக்கும்போது அவள் கண் ஒயர்கள்மேல் விழுந்தது.

"இதை யாரு கட்டினது?"

"இன்னும் கட்டல."

"அதான் கேக்கறேன். இதை இப்படியே விட்டா எந்த ஃபேன் வச்சும் பிரயோஜனமில்ல. நகரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எல்டன் காயம்பட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி மற்றக் கையால் மூன்று ஓட்டைகளின் பிசிறையும் அரம் போட்டுத் தேய்த்தான். அவன் தேய்த்து முடித்த ஓட்டைக்கு அவள் ரப்பர் மாட்டினாள். பிறகு ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டு, தகட்டின் முதுகுப் பக்கம் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, மெழுகு நூலால் விரற்கடைக்கு ஒரு முடிச்சாகக் கட்டிக்கொண்டே போனாள். முடிச்சுகள் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. அவள் விரல்கள் அந்த வேலையை மறந்திருக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தும் அவள் இந்த வேலை செய்வதை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அக்டோபர்ல ஒருத்தன் வந்தான்," என்றாள், தலை நிமிராமல். "வீட்டைப் பாக்க."

"எப்ப? எனக்குத் தெரியாதே?"

"நீ கடையில இருந்த. சுவத்தைப் பாத்தான். சரி பண்ணிக்கிறேன், எடுத்துக்கறேன்னான். கிறிஸ்துமஸுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிக் குடுக்கணும்னு சொன்னான்."

அரம் நின்றது. "நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னேன்."

"ஏன்?"

"எங்க போயிருப்ப நீ? உனக்கு வாரத்துல மூணு நாள்தான் வேலை. வெளிய இருபது டிகிரி மைனஸ். உங்க அண்ணன் கராஜ்லயா படுப்ப?" ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினாள். "அந்த விளக்கைச் சரியாப் பிடி."

எல்டன் விளக்கைச் சரியாகப் பிடித்தான். இந்த வீடு தன்னை அமுக்கிப் பிடித்திருக்கிறது, மேலே இருக்கிறவள் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்திருந்தான். அவள் போகிற வழியில் தான் குறுக்கே படுத்திருந்தது அவன் கணக்கிலேயே வரவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றான்.

"சொன்னா உடனே பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பியிருப்ப. ரோஷக்காரன்தானே நீ."

ஆறு மணிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். நான்கு ஃபேன்களும் முனகலோடு சுழன்றன. எல்டன் திரையில் கப்பலைப் போட்டுச் சுழல விட்டான். மார்லிஸ் மேலே போய் உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் ஒரு பாத்திரம் கொண்டுவந்தாள். பாய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திரை மூலையில் சூட்டைக் காட்டிய எண்ணைப் பார்த்தபடி இருவரும் சாப்பிட்டார்கள். ஐம்பத்தெட்டு. அறுபது. நாற்பத்தொரு நிமிடம் வந்தபோது இருவருமே மெல்லுவதை நிறுத்தினார்கள். அறுபத்து மூன்று. நின்றது. அதற்குமேல் ஏறவில்லை.

ஆனாலும் திங்கட்கிழமை அவள் அவனை பேஸ்மென்ட்டில் உட்கார விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையே ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியைப் படியேற்றிச் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். குளிர் அதிகமென்று திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அதனால் அவளும் வீட்டில் இருந்தாள். ஒன்பது மணிக்குப் பரீட்சை தொடங்குவதற்கு முன் ஒரு பெண் குரல் கம்ப்யூட்டரிலிருந்து விதிகளைப் படித்தது. அறைக்குள் வேறு ஆள் தென்பட்டால் பரீட்சை செல்லாது, குரல் கேட்டாலும் செல்லாது.

மார்லிஸ் அப்போது சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து வெளியே போக ஒரே வழி சாப்பாட்டு அறை. அவள் வாயில் கையை வைத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

மூன்று மணி நேரம் அவள் அங்கேயே அடைந்து கிடந்தாள். குழாயைத் திறக்கவில்லை, நாற்காலியை இழுக்கவில்லை. பத்தரை மணிக்கு போன் அடிக்கப்போகிறதென்று பயந்து அதை மாவு டப்பாவுக்குள் புதைத்தாள். காப்பியைக் குடித்துத் தொலைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிடத்தில் எல்டன் கதவைத் திறந்தபோது அவனைத் தள்ளிவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள்.

உள்ளேயிருந்து கத்தினாள். "நின்னுதா?"

"நிக்கல! முழுசா ஓடிச்சு!"

"பரீட்சை?"

"தெரியல. கடைசியா வரைஞ்ச கப்பல் விலாச் சட்டம் ஒண்ணு கோணலாப் போச்சு."

ஒன்பது நாள் கழித்து வேலை கிடைத்ததென்று கடிதம் வந்தது. ஏப்ரல் பத்தாம் தேதி சேரவேண்டும். மார்லிஸ் அன்றைக்கே அக்டோபரில் வந்தவனுக்குப் போன் செய்தாள். அவன் வேறு தெருவில் வேறு வீடு வாங்கி, அதில் குடியும் போய்விட்டானாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தமும் இல்லை, குத்தலும் இல்லை. எல்டன்தான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"நான் வேணா போகாம இருக்கட்டுமா? வீடு போற வரைக்கும்?"

"எதுக்கு? அந்தச் சுவத்தை நீயா முட்டுக் குடுத்து நிறுத்தியிருக்க?" என்றாள். "கிளம்பு. ஒருத்தராவது வெளிய போவோம்."

கிளம்பும் நாள் ஏரியில் பனிக்கட்டி வெடித்துப் பாளம் பாளமாக மிதந்தது. முதல் கப்பல் துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்தது. எல்டனின் பழைய வேனில் பின்னால் கட்டில், துணிமணி, கருவிகள். கேபினெட்டை முன் இருக்கையில் வைத்து மார்லிஸ் சீட்பெல்ட் போட்டுவிட்டாள். இருவரும் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்கள். கட்டிப்பிடிப்பதா கை கொடுப்பதா என்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவள் அவன் இடது கையைப் பிடித்துத் திருப்பி, விரலிலிருந்த தழும்பைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அவன் சரிவான தெருவில் இறங்கி, பெரிய பாலத்தைத் தாண்டி, விஸ்கான்சினின் காட்டு வழியில் நாள் முழுக்க ஓட்டினான். முதல் நூறு மைல் வரை எதையோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் இல்லினாய் எல்லை தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினான். இறங்கிக் காலை உதறியபோதுதான் ரோட்டோரத்தில் பனி இல்லாததைக் கவனித்தான். உழுதுபோட்ட வயல் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. போனை எடுத்தான்.

"எங்க இருக்க?" என்றாள்.

"ஊர் பேரு தெரியல. இங்க மண்ணு தெரியுது."

"கறுப்பா, செவப்பா?"

"கறுப்பு."

எதிர்முனையில் அவள் ஏதோ தட்டைக் கழுவி வைக்கும் சத்தம் கேட்டது. "ஈரமா இருக்கா?"

அவன் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தான். "இருக்கு."

"சரி," என்றாள். "வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டிக்கிட்டுப் போ."